அங்காத்தாளின் இடது முட்டி

அங்காத்தாளின் இடது முட்டிக்கு இழைக்கப்பட்ட அநீதிகள், நடந்த வரிசை பிறழாமல், பின்வருமாறு.

முதலாவது, மரகதம் மில்லில் நூல் சுற்றும் பிரிவில் சேர்த்த அன்றைக்கே, பதினாலு வயதுப் பிள்ளையைப் பதினெட்டு என்று எழுதிக்கொண்டு, உட்கார ஒரு பலகைகூடப் போடாமல் ஷிஃப்டு முழுக்க நிற்க வைத்தது. இரண்டாவது, பெரிய வேலைநிறுத்தத்தின்போது மில் கேட்டுக்கு முன்னால் விழுந்த லத்தியடி. கைதவறி விழுந்தது என்று பின்னால் விசாரணையில் சொன்னார்கள், பார்த்து வைத்து விழுந்தது என்பது முட்டிக்குத் தெரியும். மூன்றாவது, வீங்கிப்போன அந்த முட்டியை மடக்கச் சொல்லிக் கிளைச் சிறையின் சிமெண்டுத் தரையில் உட்கார வைத்தது. நான்காவது, சொந்தச் சங்கம் செய்தது என்பதால் அவள் எந்த மேடையிலும் சொல்லாதது: வேலைநிறுத்தம் முடிந்து வெற்றிக் கூட்டம் நடந்த மாலையில், ஆண் தோழர்களுக்கெல்லாம் வரிசையாக நாற்காலி போட்டுவிட்டு, அடி வாங்கியவளை ஜமுக்காளத்தில் உட்காரச் சொன்னது. ஐந்தாவது, அதற்கு மறுநாள் காலையில் சங்கு ஊதியதும் மேஸ்திரி ஸ்டூல் மேல் ஏறி நின்று, உள்ளே எடுத்துக்கொள்ளப்படுகிறவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்ததும், வாசிக்கப்பட்டவர்கள் "வந்தேனுங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டு உள்ளே போனதும், அவள் அந்த முட்டியின் மேல் கடைசிவரை நின்றதும், அவன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்டூலை விட்டு இறங்கியதும். ஆறாவது, வருசங்கள் பல கழிந்து மில்லை மூடியபோது, அந்தச் சங்கை ஒருவரிடமும் கேட்காமல் கழற்றி இறக்கிப் பழைய இரும்புக்குப் போட்டது; சங்குக்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஏழாவது, மெயின் ரோட்டு எலும்பு டாக்டர், முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "வயசாயிருச்சு, மாடி ஏறாதீங்க" என்று சொல்லி அனுப்பியது; மாடி வைத்த வீட்டில் அவள் ஒரு நாளும் குடியிருந்ததில்லை.

இந்த ஏழும் உள்ளே சேர்ந்து இறுகிக் கிடந்து, ஓர் ஆடிக் காற்றுக் காலையில், அங்காத்தாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மணையிலிருந்து சுவரைப் பிடித்து எழுந்தபோது, முட்டி வாய் திறந்து மரகதம் மில்லின் சங்கை ஊதியது.

சைரன் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதைத்தான் கோயமுத்தூர் மில் காலனிகளில் சங்கு என்பார்கள். ஒவ்வொரு மில்லின் சங்குக்கும் ஒரு குரல் இருந்தது. மரகதத்தின் சங்கு அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு கிளம்பும், மேலே ஏறி ஏறி ஓர் ஒப்பாரியைப் போல நீளும், முடிகிற இடத்தில் ஒரு விக்கல் போட்டுவிட்டு நிற்கும். என்றைக்கோ அதன் மூடி நசுங்கியதால் வந்த விக்கல் அது. அந்த விக்கலைக் கேட்டபிறகு காலனியில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, ஆச்சரியமும் இருக்கவில்லை. அடுத்த வீட்டு ரங்கநாயகி, "சங்கு ஊதிருச்சே, இன்னும் ரசம் தாளிக்கலையே" என்று பதறி, பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்த புருசனுக்குத் தூக்குப்போசியில் சோறு கட்டி, மூடியைத் திருகும்போதுதான் நினைவு வந்தவளாய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கட்டியது கட்டியாயிற்று என்று அதை எடுத்துக்கொண்டு மில் கேட்டை நோக்கி நடந்தாள். அங்கே ஏற்கனவே பழைய மில் தொழிலாளி குப்புராசு நின்றுகொண்டிருந்தார், முகம் மழித்து, நெற்றியில் நீறு பூசி, காக்கிச் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு.

மில் இருந்த இடத்தில் இப்போது பதினாலு மாடி நிற்கிறது. பழைய கேட்டின் இரண்டு கல்தூண்களை மட்டும் அழகுக்கென்று விட்டுவைத்திருந்தார்கள். மாடிக்காரர்களின் சங்கம் முதல் வாரத்தில் சத்தம் தாங்கவில்லை என்று மாசுக் கட்டுப்பாட்டுக்கு எழுதிப்போட்டது. இரண்டாம் வாரத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனுக்குக் கிளப்ப அந்தச் சங்கு தோதாக இருப்பதைக் கண்டுகொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் தாமதமாக ஊத முடியுமா என்று செக்யூரிட்டியிடம் சொல்லி அனுப்பியது. முக்கு பேக்கரியில் முதல் பன் அடுப்பை விட்டு இறங்குவது சங்குக்கு என்று ஆனது. டவுன் பஸ் டிரைவர் சங்கு கேட்காமல் வண்டியை எடுக்கமாட்டேன் என்றார். ஆக, ஊர் அந்தச் சத்தத்தைத் தன் வீட்டுக் கடிகாரத்தைப் போலச் சுவரில் மாட்டிக்கொண்டது. சங்கு ஊருக்கு, வலி அங்காத்தாளுக்கு. காலையில் அவள் எழும்போது தவறாமலும், மற்ற நேரத்தில் முட்டி ரொம்ப மடங்கினாலும் அது ஊதும், ஒவ்வொரு முறையும் முட்டிச்சில்லுக்கு அடியில் யாரோ அரம் வைத்து ராவுவதைப் போல இருந்தது, பற்களைக் கடித்துக்கொண்டு கதவு நிலையைப் பிடித்தபடி விக்கல்வரை நிற்பாள், நின்று முடித்து, வேர்த்த முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள் மாதிரி வெங்காயத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவாள்.

அங்காத்தாளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மேஸ்திரி தன் பெயரை வாசிக்காத அந்த நாளிலிருந்து அவள் மில்லுக்குள் கால் வைத்ததில்லை. சங்கத்தின் முழுநேர ஊழியராகி, துண்டறிக்கைகளை எழுத்துக் கூட்டி வாசித்தே படிக்கக் கற்று, பிறகு துண்டறிக்கைகளை எழுதவும் கற்று, இந்த ஜில்லாவில் எந்த மில் கேட்டில் எந்த வருசம் யார் காட்டிக்கொடுத்தார்கள் என்பதை ஒன்று விடாமல் மனசில் வைத்திருப்பவள். பிள்ளை குட்டி இல்லை, சங்கம் இருந்தது. பெரும்பான்மை எடுத்த முடிவை மீறுகிறவர் யாரானாலும் பெயரை நீக்க வேண்டும் என்ற விதியை, மீறியவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதியவள் அவள். மில் மூடி, உறுப்பினர்களெல்லாம் நரைத்து, தகரக் கூரை போட்ட ஆபீசும் ஒரு கொடியும் மட்டும் மிஞ்சிய பிறகும், மாதக் கூட்டத்துக்கு ஒருவர் தாமதமாக வந்தால் காரணம் கேட்பாள்.

சங்கு ஊதினால் அடுத்ததாகப் பெயர் வாசிக்க வேண்டும். காலனிக்காரர்கள் கேட்டில் நின்றதற்கு அதுதான் காரணம். முதல் நாள் குப்புராசும் ரங்கநாயகியும். பத்துப் பதினைந்து நாளில் நடக்க முடிந்த பழைய தொழிலாளிகள் அத்தனை பேரும். அதற்குப் பிறகு, செத்துப்போனவர்களுக்குப் பதிலாக அவர்களுடைய மகன்கள், மருமகள்கள். அந்தக் காலத்தில் வேலைக்கு வராதவனுக்குப் பதில் ஆள் நிற்பது மில் வழக்கம், அந்த வழக்கத்தை யாரும் சொல்லாமலே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வரிசையாக, தூக்குப்போசியோடு, ஸ்டூல் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் வாசிக்கவில்லை. வெயில் ஏறுகிறவரை நின்று, ஒருவரையொருவர் பார்க்காமல் கலைந்தார்கள், மறுநாளும் வந்தார்கள். இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டே வந்தார்கள். இது நல்லதற்கில்லை என்று அங்காத்தாளுக்குப் பட்டது.

சங்கத்தின் செயலாளர் ஆறுக்குட்டி, எதற்கும் வேர்க்கிற மனுசன், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்து சொன்னான். "அக்கா, நீயே வந்து நாலு பேரோட பேரை வாசிச்சிரு. மனசு ஆறிப் போயிருவாங்க."

"மேஸ்திரி நின்ன ஸ்டூல்ல நான் ஏறோணுமா?"

"ஸ்டூல் எங்கிருக்குது? தரையில நின்னு வாசி."

"வாசிச்சு? உள்ள போறதுக்கு மில்லு எங்கடா? பதினாலாவது மாடியில கொண்டுபோய் விடுவியா?"

ஆறுக்குட்டி அவளுடைய முட்டியைப் பார்த்தான். எல்லாரும் இப்போது அவள் முகத்தைவிட முட்டியைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

புரட்டாசி பிறப்பதற்குள் கக்கூஸுக்குப் போய்வருவதே ஒரு ஊர்வலம் போய்வருகிற மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் அங்காத்தாள் ஆபரேசன் என்ற சொல்லைத் தன் வாயால் சொன்னாள். சொன்னதும், முதலாளிகளோடு பேச்சுவார்த்தைக்குப் போகிறவள் மாதிரி, போகிற இடமெல்லாம் கேட்க ஒரே ஒரு கேள்வியைத் தயார் பண்ணிக்கொண்டாள்.

முதலில் ஏர்ப்போர்ட் ரோட்டில் கண்ணாடியாலேயே கட்டிய ஆஸ்பத்திரி. ரங்கநாயகி துணைக்கு வந்தாள். உள்ளே குளிர்ந்த ஹாலில் ஒரு பெண் பிள்ளை, வழவழப்பான தாளில் ஆடிக்கொண்டிருக்கிற கிழவன் கிழவி படத்தைக் காட்டி விளக்கியது. பிறகு டாக்டர் வந்தார், உட்காராமல் பேசினார்.

"ஆன்ட்டி, ரெண்டு முட்டியையும் ஒண்ணா மாத்திருவோம். மூணாம் நாள் நீங்க டான்ஸ் ஆடலாம்."

"எதுக்குங்க நான் ஆடோணும்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நான் பேச்சுக்குக் கேக்கலீங்க. நீங்க கத்தியெடுத்துட்டீங்க, ஏதோ ஒரு தப்பு நடக்கப்போகுது. அந்த ரூமுல இருக்கறவங்கள்ல யாரு உங்களை நிறுத்தச் சொல்லலாம்?"

டாக்டர் சிரித்தார். "என்னை யாரு ஆன்ட்டி நிறுத்தறது?"

அங்காத்தாள் எழுந்தாள். எழுந்ததும் சங்கு ஊதியது. தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து எல்லா மாடிகளிலிருந்தும் ஆட்களைப் படி வழியாக இறக்கினார்கள். குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றவர்களுக்கு நடுவே ரங்கநாயகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அக்கா, ஒரே ஆளாப் போயி முழு வேலைநிறுத்தம் பண்ணிப்போட்டியே!"

இரண்டாவது, கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு பெரிய டாக்டர். அவர் முட்டியில் காதை வைத்துக் கேட்டார், கண் கலங்கினார், மறுபடி ஊதச் சொன்னார், மறுபடியும் ஊதச் சொன்னார், மாணவர்களைக் கூப்பிட்டு அவர்களுக்காகவும் ஒருமுறை ஊதச் சொன்னார். வலியில் அங்காத்தாளுக்குக் கண் இருட்டியது. "இதை அப்படியே எடுத்து ஜாடியில வைக்கணும்மா, உலகமே வந்து பார்க்கும்" என்றார். அவள் தன் கேள்வியைக் கேட்டாள். "எதிர்க் கேள்வி கேட்கிற பசங்களை நான் ஆபரேசன் தியேட்டருக்குள்ளயே விடறதில்லை" என்று அவர் பெருமையாகச் சொன்னார்.

ஜாடி என்ற சொல் காலனிக்கு வந்து சேர்ந்தபோது பொதுக்குழு கூடியது.

தகரக் கூரைக்குக் கீழே, சங்கத்தின் வரலாற்றிலேயே இல்லாத அளவுக்குக் கூட்டம். குப்புராசு எழுந்து நின்று, தூணைப் பிடித்துக்கொண்டு பேசினார். "முட்டி, தோழர் அங்காத்தாளுது. அதுல தகராறு இல்லை. ஆனா சங்கு எல்லார்துமுங்க. அதைக் கேட்டுத்தான் நான் வளந்தேன், அதைக் கேட்டுத்தான் பொண்ணுப் பாக்கப் போனேன், அது நின்ன பொறகு நான் எந்திரிக்கறதா வேண்டாமான்னே தெரியாமக் கெடந்தேன். இப்பத்தான் எந்திரிச்சிருக்கறேன். மறுக்காப் படுன்னு சொல்லாதீங்க." பேசிவிட்டு உட்கார்ந்தார். பிறகு, எல்லாருக்கும் நல்லது நினைக்கிற ஆறுக்குட்டி, கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தான்: தோழரின் சிரமத்தைக் கருத்தில் கொண்டு, அவருடைய வலது முட்டிக்கு ஆபரேசன் செய்துகொள்ள இப்பொதுக்குழு அனுமதிக்கிறது, இடது முட்டியை எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது.

"வலதுதான் ஊதறதில்லையே, அதை மாத்திக்கிட்டு அதும்மேல பாரத்தைப் போட்டு நடந்துக்கிட்டா, இடது சும்மா ஊதறதுக்கு இருக்கும்" என்று அவன் விளக்கமும் சொன்னான். அதில் இருந்த நியாயம் எல்லாருக்கும் பிடித்துப்போனது. கைகள் உயர்ந்தன. ரங்கநாயகி மட்டும் நடுநிலை என்றாள். எதிர்ப்பவர்கள் என்று கேட்டபோது அத்தனை தலைகளும் அங்காத்தாள் பக்கம் திரும்பின. அவள் கையைத் தூக்கவில்லை. தன்னுடைய காலைத் தனக்குத் தரச் சொல்லிப் பிச்சை கேட்பதா என்ற வீம்பு அது. ஒற்றைக் கையாக நிற்கப் பயமும் அதில் இருந்தது, அதை அவள் ஒப்புக்கொள்ளமாட்டாள்.

"பெரும்பான்மை முடிவு" என்றாள். எழுந்தாள். சங்கு ஊதியது. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது.

அந்தத் தீர்மானத்தோடுதான் அவள் மூன்றாவது டாக்டரிடம் போனாள். அரசாங்க ஆஸ்பத்திரியில், காலையிலிருந்து வரிசையில் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் தில்ஷாத் ஐம்பது வயதுப் பெண், ஒரு கையில் பாதி கடித்த பன் இருந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்.

"கதவு வரைக்கும் நடந்துட்டு வாங்கம்மா. மெதுவா."

அவள் நடப்பதைப் பார்த்தார். பிறகு குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் காலடியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முட்டியைப் பிடித்து மடக்கினார். சங்கு ஊதியது. வெளியே வரிசையில் இருந்த கிழவர்கள் பத்துப் பேர் தம்மையறியாமல் எழுந்து நின்றார்கள். டாக்டர் விக்கல்வரை காத்திருந்தார்.

"எப்ப இருந்து?"

"ஆடியில இருந்துங்க."

"சத்தத்தைக் கேக்கலைம்மா. வலி எப்ப இருந்து?"

சங்கு ஊத ஆரம்பித்ததிலிருந்து வலியைப் பற்றி யாரும் கேட்டதில்லை. பதினாலு வயதிலிருந்து என்று சொல்ல நினைத்து, "ரொம்ப நாளாங்க" என்றாள்.

"மாத்திக்கிட்டா என்ன பண்ணணும்னு ஆசை?"

"கீழ உக்காந்து எந்திரிக்கோணும். தர்ணாவுல."

"அது முடியாது. புது முட்டி வெச்சா சம்மணம் போடக் கூடாது. எங்க போனாலும் நாற்காலிதான் கேக்கணும்." ஜமுக்காளம் ஒன்று அங்காத்தாளின் கண்ணுக்கு முன்னால் விரிந்து, சுருண்டு, போனது. டாக்டர் சொல்லிக்கொண்டே போனார், எதையும் இனிப்புத் தடவாமல். "வலி குறையும். நடக்கலாம், கக்கூஸுக்குத் தனியாப் போகலாம். நூறு பேர்ல ஒண்ணு ரெண்டு பேருக்குச் சீழ் வெச்சு மறுபடி திறக்க வேண்டி வரும். கொஞ்சப் பேருக்கு எல்லாம் சரியா இருந்தும் வலி முழுசாப் போகாது. பண்ணின மறுநாளே அழுதுக்கிட்டாவது நடக்கணும், இல்லேன்னா மடங்காது. அவசரம் ஒண்ணுமில்லை, யோசிச்சு வாங்க."

"சங்கு?"

"அது எனக்குத் தெரியாது. எடுக்கிற எலும்போட போயிரும்னுதான் நினைக்கிறேன்."

அங்காத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒப்பந்தத்தை வாசிக்கிற குரலில் பொதுக்குழுவின் தீர்மானத்தைச் சொன்னாள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"உங்க வலது முட்டி நல்லா இருக்கு. நல்ல முட்டியை நான் அறுக்கமாட்டேன்."

"பெரும்பான்மை முடிவுங்க டாக்டர்."

"அந்தப் பெரும்பான்மையில எத்தனை பேருக்கு உங்க முட்டி வலிக்குது?"

அங்காத்தாளுக்குக் கோபம் வந்தது. வாழ்நாள் முழுக்க இப்படிப் பேசுகிறவர்களைக் கேட்டிலிருந்து விரட்டியவள் அவள். அந்தக் கோபத்தோடேயே தன் கேள்வியைக் கேட்டாள், இந்த டாக்டரும் தோற்கட்டும் என்றுதான் கேட்டாள்.

"நிறுத்தறதா? யாரு வேணும்னாலும் நிறுத்தலாம்" என்றார் தில்ஷாத். "கத்தி வைக்கறதுக்கு முன்னால எல்லாரும் கைவேலையை நிறுத்தணும். பேரு, எந்தக் கால், என்ன பண்ணப் போறோம், மூணையும் சத்தமா வாசிப்போம். அந்த ரூமுல இருக்கற ஒவ்வொருத்தரும் கேக்கணும், அவங்கதான் சாட்சி. ஒருத்தர் இல்லைன்னாலும் நான் கத்தியைக் கீழ வெச்சிருவேன். போன வருசம் தரை துடைக்கற புனிதாக்கா நிறுத்தினாங்க. அவங்க சொன்னதுதான் சரி, கால் மாறியிருந்துச்சு."

"பேரை வாசிப்பீங்களா?"

"வாசிக்காம ஆரம்பிக்கமாட்டோம்."

"சத்தமாவா?"

"சத்தமா."

தில்ஷாத் மிச்சமிருந்த பன்னை எடுத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அங்காத்தாள் பஸ் ஏறினாள். டாக்டர் கிடைத்துவிட்டார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கிடைக்காமலே இருந்திருக்கலாம். கிடைக்காதவரை, பெரும்பான்மைக்கும் முட்டிக்கும் நடுவில் தான் நிற்கிறோம் என்று நினைக்க வேண்டியிருக்கவில்லை.

ஐப்பசியில் மழை பெய்யாமல் காய்ந்தது. காலையில் அவள் எழுந்தாள், சங்கு ஊதியது, வரிசை நின்றது. அன்றைக்குக் குப்புராசு எல்லாரும் கலைந்த பிறகும் நின்றார். இன்று வாசிப்பார்கள் என்று அவருக்கு எதனாலோ தோன்றியிருக்கிறது. உச்சி வெயிலில் கல்தூணில் சாய்ந்து சரிந்த அவரை மாடிக்காரர்களின் செக்யூரிட்டிதான் முதலில் பார்த்தான். அங்காத்தாள் கம்பை ஊன்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவர் தலை ஆறுக்குட்டியின் மடியில் இருந்தது. ரங்கநாயகி வாயில் தண்ணீர் விட்டாள், அது கடைவாயில் வழிந்தது.

"என்ற பேரை வாசிச்சாங்களா?" என்று கேட்டார் குப்புராசு.

ஆறுக்குட்டி அழுதுகொண்டே சொன்னான். "வாசிச்சாச்சுங்ணா. மொதல் பேரே உங்களதுதான்."

"வந்தேனுங்க" என்றார் குப்புராசு. அவ்வளவுதான்.

அங்காத்தாள் அழவில்லை. பொய் என்று மட்டும் நினைத்தாள். என் முட்டியிலிருந்து இந்தச் சங்கு கிளம்பி, இவரை வீட்டிலிருந்து கிளப்பி, இந்த வெயிலில் கொண்டுவந்து நிறுத்தி, கடைசியில் ஒரு பொய்யை வாயில் ஊற்றி அனுப்பியிருக்கிறது. முதலாளிகள் சொன்ன பொய்களை அவள் எண்ணி வைத்திருந்தாள். இது தன்னுடைய எலும்பே சொன்ன பொய். திறக்காத கேட்டுக்கு முன்னால் ஆட்களை நிறுத்தி வைக்கிற எதுவும் மேஸ்திரிதான், அது தன் உடம்புக்குள் இருந்தாலும்.

குப்புராசின் காரியம் முடிந்ததும் அவள் பொதுக்குழுவைக் கூட்டச் சொன்னாள்.

"இடது முட்டியை மாத்திக்கப் போறேன். தேதி குடுத்துட்டாங்க" என்றாள். கூரைத் தகரம் காற்றில் படபடத்தது. "இது உங்க முடிவை மீறறது. மீறினா என்ன பண்ணோணும்னு விதி இருக்குது. ஆறுக்குட்டி, வாசி."

"அக்கா, விதியை எழுதினதே நீதான்."

"அதனாலதான் சொல்றேன். எனக்குன்னா ஒரு விதி, அன்னைக்கு மீறுனவனுக்கு ஒரு விதியா?"

"எங்களுக்கு அந்தச் சங்கு ஒண்ணுதான் இருக்குதுக்கா" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள், கோபமாக இல்லை, கெஞ்சலாக. சங்கு போன பிறகு இவர்கள் காலையில் எதற்காக எழுவார்கள் என்பது அவளுக்குத் தெரியவில்லை, தெரியாமல்தான் போகிறாள்.

கைகள் உயர்ந்தன. ஒன்றிரண்டு பேர் தூக்கிய கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆறுக்குட்டி தீர்மானத்தை வாசித்தான். அவளுடைய பெயர் வருகிற இடத்தில் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சம்பந்தப்பட்ட தோழர் இன்று முதல் உறுப்பினர் அல்ல" என்று வாசித்து முடித்தான். எட்டாவது இதுதான். தானே கேட்டு வாங்கியதை அநீதிகளின் வரிசையில் சேர்ப்பதா என்று அங்காத்தாள் வீடு வரும்வரை யோசித்தாள். நீக்கினதுகூடச் சரி, நீக்கும்போதுமா பெயரை வாசிக்கக் கூடாது, என்றுதான் கடைசியில் பட்டது. சேர்த்துக்கொண்டாள். மில்லின் காகிதத்தில் அவள் இல்லை. சங்கத்தின் பதிவிலும் இனி இல்லை.

ஆபரேசன் அன்று காலையில், அவளை நீக்குவதற்குக் கை தூக்கிய அத்தனை பேரும் ஆஸ்பத்திரி கேட்டில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கஞ்சி கொண்டுவந்திருந்தாள், ஒருத்தர் ரத்தம் தேவைப்பட்டால் என்று மருமகனைக் கூட்டிவந்திருந்தார், ஆறுக்குட்டி ஸ்டிரெச்சரோடு கூடவே நடந்து வந்தான்.

"நீக்கின ஆளுக்கு என்னடா துணை?" என்றாள் அங்காத்தாள்.

"உறுப்பினர் அல்லாதவங்களுக்குத் துணை போகக் கூடாதுன்னு விதி இல்லையேக்கா" என்றான் ஆறுக்குட்டி. ரங்கநாயகி அவன் துண்டைப் பிடுங்கி மூக்கைச் சிந்தினாள். கதவு அவர்களை வெளியே விட்டுவிட்டு மூடியது.

உள்ளே முதுகில் ஊசி போட்டார்கள். கால்கள் இரண்டும், ஆள் காலி பண்ணிக்கொண்டு போன வீட்டைப் போல, மெல்ல வெறிச்சோடின. தலை மட்டும் விழித்திருந்தது. விளக்குக்குக் கீழே பச்சை உடுப்புகள், தண்ணீர்ச் சத்தம், இரும்பு தட்டில் படுகிற சத்தம், மூலையில் துடைப்பம் தேய்கிற சத்தம். மருந்து பூசுவதற்காக ஒரு நர்ஸ் அவளுடைய இடது காலைத் தூக்கினாள். முட்டி மடங்கியது.

சங்கு ஊதியது. முதல் தடவையாக வலி இல்லாமல் அவள் அதைக் கேட்டாள். உறுமிக்கொண்டு கிளம்பி, மேலே மேலே ஏறி, சன்னல்களைத் தாண்டி, கேட்டில் உட்கார்ந்திருந்தவர்களைத் தூக்கி நிறுத்தி, கஞ்சிப் போசியோடு வரிசையில் சேர்த்து, டவுன் பஸ்ஸை நிற்க வைத்து, பதினாலு மாடியிலும் பிள்ளைகளின் கையைச் சோற்றில் நிற்க வைத்து, நீண்டு நீண்டு, கடைசியில் அந்த விக்கலைப் போட்டு நின்றது. அதற்குப் பிறகு வருகிற அமைதியை அங்காத்தாளுக்குத் தெரியும். அந்த அமைதியின் மேல்தான் அவள் ஐம்பது வருசமாக ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எல்லாரும் கையை நிறுத்துங்க" என்றார் தில்ஷாத்.

தண்ணீர் நின்றது. இரும்பு நின்றது. மூலையில் புனிதாக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கேட்பதற்காக ஓர் அடி முன்னால் வந்து நின்றாள். முகமூடிகளுக்கு மேலே அத்தனை கண்களும் மேசையைப் பார்த்தன. தில்ஷாத் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தார். அங்காத்தாளின் நாக்கின் நுனியில் ஒரு சொல் வந்து, பல்லுக்குப் பின்னால் தயாராக நின்றது. டாக்டர் குரலைச் சரிசெய்துகொண்டு, மூலைவரை கேட்கும்படி, நிறுத்தி, சத்தமாக வாசித்தார்:

"அங்காத்தாள்."